32 குண்டும் ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலும்: அடித்தது யார்?

நடுக்கடல் எழுதியது:

நேற்று பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில், "1942இல் நம்ம ஊர்க் கப்பல் பெங்கால் ஒற்றை ஆளாக ஜப்பான்காரனின் பத்தாயிரம் டன் கப்பலை மூழ்கடித்தது" என்று எழுதிவிட்டுப் போனார். அந்த "ஒற்றை ஆளாக" எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் தனி இழையே தொடங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். 1942 நவம்பர் 11. கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடு இந்தியப் பெருங்கடல். ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து தியாகோ கார்சியா தீவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஷெல் கம்பெனிக் கப்பல், 6,000 டன்னுக்குக் கொஞ்சம் மேல், வயிற்றில் எண்ணெய் இல்லை. ஈரானில் அபடான் போய்த்தான் நிரப்ப வேண்டும். துணைக்கு வந்தது ராயல் இந்தியக் கடற்படையின் பெங்கால். 700 டன் சொச்சம் எடையுள்ள கண்ணிவாரிக் கப்பல் (கடலில் கண்ணிவெடி அகற்றுவது), ஆஸ்திரேலியாவில் கட்டி முடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன, முதல் முறையாக இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது.

எதிரே வந்தவை ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற ஜப்பானியக் கப்பல்கள். இரண்டும் தலா பத்தாயிரம் டன்னுக்கு மேல். 14 செ.மீ. பீரங்கிகள், டோர்பிடோ குழாய்கள், மிதவை விமானங்கள் எல்லாம் உண்டு. நம்மவர்கள் கையில் இருந்தது? ஒண்டினாவின் பின்தளத்தில் ஒரே ஒரு 4 அங்குலப் பீரங்கி, 32 குண்டுகள். பெங்காலுக்கு 4 அங்குலப் பீரங்கி என்று வரைபடத்தில் இருந்தது, கிடைத்தது 3 அங்குல 12 பவுண்டர், கூடவே விமானத்தைச் சுடும் சில 20 மி.மீ. ஓர்லிகன் துப்பாக்கிகள்.

சண்டை முடிந்தபோது ஹோகோகு மாரு கடலுக்கு அடியில். ஒண்டினாவும் பெங்காலும் மேலே. அடித்தது யார் என்ற பஞ்சாயத்து அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. சரி, ஆரம்பியுங்கள்.

வங்கக்கரை எழுதியது:

அந்தப் பதிவை எழுதியவன் நான்தான் அண்ணா. "ஒற்றை ஆளாக" தப்புதான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். எதிரியைப் பார்த்ததும் பெங்கால் என்ன செய்தது? எண்ணெய்க் கப்பலை ஓடித் தப்பச் சொல்லிவிட்டு, தன்னைப்போல் பதினான்கு மடங்கு பெரிய கப்பலை நோக்கி நேராகத் திரும்பியது. பெங்காலின் கமாண்டர் வில்சனுக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் சும்மா கொடுக்கவில்லை. மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பையன்கள். பலருக்கு இதுதான் முதல் சண்டை. அதைச் சொல்ல ஆளே இல்லை என்ற ஆதங்கத்தில் எழுதினேன்.

மதியத்தேநீர் எழுதியது:

ஆதங்கம் சரி. ஆனால் பெங்கால் பாதியில் போய்விட்டதே தம்பி? ஒண்டினாவைத் தனியாக விட்டுவிட்டு?

வங்கக்கரை எழுதியது:

போனதுதான். குண்டு தீரும் நிலை, கப்பலில் அடி வேறு. ஒண்டினா முடிந்துவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒண்டினாக்காரர்கள் பெங்கால் மூழ்கிவிட்டது என்று நினைத்தார்கள். இரண்டு கப்பலும் ஒன்றுக்கொன்று கருமாதி செய்துவிட்டுத் தனித்தனியாகக் கரை சேர்ந்தன. புகையும் தூரமும் இருக்கும்போது யாருக்கு என்ன தெரியும்? இதைத் துரோகம் என்றெல்லாம் ஆக்காதீர்கள்.

நடுக்கடல் எழுதியது:

துரோகம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இப்போது கேள்விக்கு வருகிறேன். ஹோகோகு மாருவின் வலப்புற டோர்பிடோ குழாய்ப் பக்கம் ஒரு குண்டு விழுந்தது. அங்கே வெடிப்பு, விமானத்தின் பெட்ரோலில் தீ, தீ பின்னே பரவி வெடிமருந்து அறை வரை போனது. கப்பல் போய்விட்டது. அதிலிருந்த 354 பேரில் 76 பேர் இறந்தார்கள், மற்றவர்களை ஐகோகு மாரு தூக்கிக்கொண்டது.

அந்த ஒரு குண்டு 4 அங்குலமா, 3 அங்குலமா என்பதுதான் சச்சரவு. டச்சுக்காரர்கள் ஒண்டினா என்கிறார்கள். இந்தியத் தரப்பில் எழுதுபவர்கள் பெங்கால் என்கிறார்கள். இரண்டு கப்பலும் ஒரே இலக்கை ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தன. என் சாய்வு ஒண்டினா பக்கம்தான். கனமான குண்டு, அதைவிடப் பெரிய காரணம், ஓடச் சொன்ன கப்பல் ஓடாமல் நின்று சுட்டது.

தோணித்துறை எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எண்ணெய்க் கப்பலில் பீரங்கி எதற்கு? யார் சுடுவார்கள்? கேப்டனா? எனக்குக் கப்பல் என்றால் தூத்துக்குடித் தோணி மட்டும்தான் தெரியும்.

பழையசுக்கான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நான் பாய்லர், இஞ்சின் என்று இருபத்தேழு வருடம் வணிகக் கப்பலில் குப்பை கொட்டியவன். போர்க்காலம் நான் பிறப்பதற்கு முன். ஆனால் நான் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் சிலர் அந்தக் காலத்து ஆட்கள். அவர்களிடம் கேட்டதும் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

வணிகக் கப்பலுக்குப் பீரங்கி வைக்கும் வழக்கம் முதல் உலகப்போரிலேயே உண்டு. இரண்டாவது போர் வந்ததும் பிரிட்டன் பழைய கிடங்குகளைத் திறந்து, பல வருடம் தூங்கிய 4 அங்குல, 4.7 அங்குலப் பீரங்கிகளைத் துடைத்து எடுத்தது. 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் நெதர்லாந்தைப் பிடித்ததும், வெளிக்கடலில் இருந்த டச்சுக் கப்பல்கள் எல்லாம் லண்டனுக்குப் போய்விட்ட டச்சு அரசாங்கத்தின் கீழ் வந்தன. அவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

பீரங்கி பெரும்பாலும் பின்னால்தான். காரணம் சட்டம். முன்னால் வைத்தால் நீ துரத்துகிறாய் என்று அர்த்தம், பின்னால் வைத்தால் நீ ஓடுகிறாய், ஓடும்போது திருப்பிச் சுடுகிறாய் என்று அர்த்தம். தற்காப்புக்கு மட்டும் ஆயுதம் வைத்த கப்பல் நடுநிலைத் துறைமுகத்திலும் வணிகக் கப்பலாகவே நடத்தப்பட வேண்டும் என்பது வாதம். ஜெர்மானியரும் ஜப்பானியரும் அந்த வித்தியாசத்தையெல்லாம் பார்த்தார்களா என்பது வேறு கதை.

சரக்குக் கப்பலின் பின்தளம் பீரங்கியைத் தாங்கக் கட்டியது இல்லை. கீழே தூண் கொடுத்து, தகடு போட்டு வலுப்படுத்தித்தான் பீரங்கியை உட்கார வைப்பார்கள். முதல் தடவை ஒத்திகைக்குச் சுடும்போது கீழே சமையலறைத் தட்டெல்லாம் உதிர்ந்துவிடும் என்று ஒரு கிழவர் சொல்லிச் சிரிப்பார். பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், அன்றைக்கு முழுக்க வசவு.

சுடுவது கேப்டன் இல்லை. கடற்படையிலிருந்தும் தரைப்படையின் பீரங்கிப் பிரிவிலிருந்தும் சில ஆட்களைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆள் போதாது. அதனால் குண்டு தூக்க, கழுவ, ஊட்டக் கப்பலின் சொந்த ஆட்களுக்கும் இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுப்பார்கள். ஒண்டினாவிலும் பிரிட்டிஷ் ஆள், ஆஸ்திரேலிய ஆள், டச்சு ஆள் என்று கலவைதான். பாஷையே வேறு வேறு. அந்தக் கலவையை வைத்துக்கொண்டு அசையும் இலக்கை அசையும் தளத்திலிருந்து அடிக்க வேண்டும்.

மணல்மேடு எழுதியது:

சுக்கான் ஐயா, பீரங்கி தவிர வேறென்ன வைப்பார்கள்? நான் ஒரு படத்தில் கப்பலுக்கு மேலே பட்டம் பறப்பதைப் பார்த்தேன்.

பழையசுக்கான் எழுதியது:

பட்டம் நிஜம்தான். தாழப் பறக்கும் விமானம் கம்பியில் மாட்டட்டும் என்று விடுவார்கள். இன்னொன்று ராக்கெட்டில் கம்பியைக் கட்டி மேலே ஏவி, பாராசூட்டில் தொங்கவிடுவது. இயந்திரத் துப்பாக்கிகள் லூயிஸ், ஹாட்ச்கிஸ். பிற்பாடுதான் ஓர்லிகன் வந்தது. காந்தக் கண்ணிவெடிக்காகக் கப்பலைச் சுற்றி மின்கேபிள் ஓட்டுவார்கள், உடம்பின் காந்தத்தை மட்டுப்படுத்த. கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜைச் சுற்றி மணல் மூட்டை, சிமென்ட் பலகை. 1940க்குப் பிறகு தாரோடு கல்ஜல்லி கலந்து ஊற்றிய கவசம். நம் ஊர் ரோடு போடும் சரக்கேதான், கப்பல் சுவரில் பூசியிருப்பார்கள். இரும்புத் தகடு பஞ்சம், அதனால்.

ஆனால் உண்மையான போர்க்கால வேலை இதெல்லாம் இல்லை. அது சலிப்பு. நாலு மணி நேரம் வாட்ச், எட்டு மணி நேரம் ஓய்வு என்று தாளில் இருக்கும். ஓய்வில்தான் பார்வைக் காவல், பீரங்கிப் பயிற்சி, படகுப் பயிற்சி. ராத்திரி ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது. கதவைத் திறந்தால் விளக்கு தானே அணையும்படி சுவிட்ச் வைப்பார்கள். வெப்பமண்டலத்தில் போர்ட்ஹோலை, அந்தச் சின்ன வட்ட ஜன்னலை, மூடிவிட்டுத் தூங்கிப் பாருங்கள் தெரியும். இஞ்சின் ரூமில் இருப்பவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்றே தெரியாது. மணி அடிக்கும், இஞ்சின் வேகம் மாறும், சுவர் அதிரும். அவ்வளவுதான் செய்தி.

டச்சுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அவர்கள் அரசாங்கம் 1940இலேயே கடல் வேலையைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. பிடிக்கவில்லை என்று இறங்கிப் போக முடியாது. குடும்பம் ஜெர்மானியர் பிடியில். செஞ்சிலுவை வழியாக இருபத்தைந்து சொல்லில் ஒரு தாள் போகும், மாதக்கணக்கில் கழித்துப் பதில் வரும். 1940 மே மாதம் கடலில் இருந்தவன் 1945 வரை வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கப்பலில் டச்சு அதிகாரிகள் மட்டும் இல்லை. கிழக்குக் கடல்களில் ஓடிய டச்சு எண்ணெய்க் கப்பல்களில் சீன மாலுமிகள் ஏராளம், வேறு கப்பல்களில் ஜாவாக்காரர்கள். ராட்டர்டாமில் கப்பலின் அணியம் (முன்முனை) மாதிரி எழும்பி நிற்கும் "டெ பூக்" நினைவுச்சின்னம், 1957இல் திறந்தது, போரில் இறந்த டச்சு வணிகக் கப்பல் ஆட்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு. ஒரு சின்ன நாட்டுக்கு அது பெரிய கணக்கு.

தோணித்துறை எழுதியது:

ஐயா, இதைப் படிக்கும்போது எங்கள் பக்கத்தில் "சரியான எம்டன்" என்று சொல்வது ஞாபகம் வந்தது. அதுவும் இந்த மாதிரி கப்பல்தானே?

நடுக்கடல் எழுதியது:

கிட்டத்தட்ட. எம்டன் ஜெர்மனியின் உண்மையான போர்க்கப்பல், ஆனால் செய்தது இதே வேலை, வணிகக் கப்பல் வேட்டை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. அது முடிந்ததும் கொக்கோஸ் தீவில்தான், அதே ஆண்டு நவம்பர் 9. ஒண்டினா சண்டை அதே கடல், அதே மாதம், 28 வருடம் கழித்து. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

மதியத்தேநீர் எழுதியது:

எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஹோகோகு மாரு, ஐகோகு மாரு இரண்டும் பிறவியில் போர்க்கப்பல் இல்லை. ஒசாகா ஷோசென் கைஷா என்ற நிறுவனத்துக்காகக் கட்டிய பயணிகள்-சரக்குக் கப்பல்கள். ஜப்பானியக் கடற்படை எடுத்து ஆயுதம் ஏற்றியது. ஆக அந்தக் கடலில் அன்றைக்கு நாலு கப்பல், அதில் மூன்று வணிகக் கப்பல். இது ஆயுதம் ஏற்றிய சரக்குக் கப்பலும் ஆயுதம் ஏற்றிய சரக்குக் கப்பலும் மோதிய சண்டை.

வித்தியாசம் ஆயுதம் ஏற்றிய விதத்தில் இருக்கிறது. ஹோகோகு மாருவில் கவசம் இல்லை, வணிகக் கப்பலின் மெல்லிய தகடு. அதன்மேல் டோர்பிடோ, விமானம், பெட்ரோல், வெடிமருந்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டார்கள். வேட்டைக்குப் போகும்போது பலம், ஒரு குண்டு விழுந்தால் பட்டாசுக் கடை. ஒண்டினாவைப் பாருங்கள். ஒரே ஒரு பீரங்கி, வயிறு காலி. அந்தக் காலி வயிறுதான் பிறகு காப்பாற்றியது.

அடித்தது யார் என்று எண்பது வருடம் சண்டை போடலாம். என் கட்சி, அந்தக் கப்பலைக் கொன்றது பாதி அதன் சொந்த ஆயுதம்.

வங்கக்கரை எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. 3 அங்குலக் குண்டேகூட அந்தப் பட்டாசுக் கடைக்குப் போதும் என்று ஆகிறதே. என் கட்சிக்கு உதவி செய்துவிட்டீர்கள், நன்றி 😀

மதியத்தேநீர் எழுதியது:

அதுவும் சரிதான். அதனால்தான் நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

மணல்மேடு எழுதியது:

ஒரு சந்தேகம். ஒண்டினாவுக்கு ஓடும்படி உத்தரவு. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) போகும் கப்பல், துரத்துபவன் 20 நாட் வேகத்துக்கு மேல் போவான். கேப்டன் ஏன் உடனே வெள்ளைக்கொடி காட்டவில்லை? காட்டியிருந்தால் ஆட்களாவது பிழைத்திருப்பார்களே?

நடுக்கடல் எழுதியது:

காட்டியவர்கள் இருக்கிறார்கள். அதே 1942 மே மாதம், இதே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் ஜெனோட்டா என்ற இன்னொரு டச்சு எண்ணெய்க் கப்பலை இந்தியப் பெருங்கடலில் பிடித்தன. ஜப்பானியர்கள் அதற்கு ஓசே என்று பெயர் மாற்றித் தங்கள் கடற்படைக்கே எண்ணெய் சுமக்க விட்டார்கள். 1944 மார்ச்சில் பலாவ் தீவில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடிக்கும் வரை ஓடியது. எண்ணெய்க் கப்பல் என்பது ஜப்பானுக்குத் தங்கம். கப்பலை ஒப்படைப்பது எதிரிக்கு எரிபொருள் கொடுப்பதற்குச் சமம். ஓடினால் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன் சுடச் சொன்னார். ஹோகோகு மாரு வெடித்த பிறகும் சுட்டார்கள், ஐகோகு மாருவை நோக்கி, குண்டு தீரும் வரை. தீர்ந்த பிறகுதான் இஞ்சினை நிறுத்தி, கொடி காட்டி, படகு இறக்கச் சொன்னார். ஐகோகு மாரு சுடுவதை நிறுத்தவில்லை. பிரிட்ஜில் சிதறல் பட்டு ஹோர்ஸ்மன் இறந்தார். நெதர்லாந்தின் உயர்ந்த வீர விருதான வில்லெம் இராணுவ விருது அவருக்கு இறந்தபின் கிடைத்தது. போர்வீரருக்குக் கொடுக்கும் விருது, வாங்கியவர் சம்பளத்துக்கு எண்ணெய் ஏற்றியவர்.

வங்கக்கரை எழுதியது:

படகில் இறங்கியவர்களைச் சுட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

நடுக்கடல் எழுதியது:

உண்மை. ஐகோகு மாரு டோர்பிடோ விட்டது, ஒண்டினா சாய்ந்தது, பிறகு படகுகள் மீது இயந்திரத் துப்பாக்கி. நாலு பேர் செத்தார்கள், தலைமை இஞ்சினியர் உட்பட. அப்புறம் ஒண்டினா தானாகவே மூழ்கிவிடும் என்று நினைத்து, தன் நண்பனின் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு ஐகோகு மாரு போய்விட்டது. 1944 பிப்ரவரியில் பசிபிக்கின் ட்ரக் தீவில் அமெரிக்கர்கள் அதையும் மூழ்கடித்து அனுப்பிவைத்தார்கள்.

பழையசுக்கான் எழுதியது:

எல்லோரும் குண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கதையில் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அதற்கு அடுத்த பகுதி.

படகில் இருக்கிறீர்கள். கேப்டன் இல்லை. பக்கத்தில் பிணம். உங்கள் கப்பல் எரிந்துகொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மூழ்காமல் நிற்கிறது. எதிரி திரும்பி வரலாம். இந்த நிலையில் முதல் அதிகாரி, "திரும்பி ஏறுவோம்" என்கிறார். எண்ணெய்க் கப்பல் தம்பிகளா. எண்ணெய் இறக்கிய தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிடப் பயங்கரம், உள்ளே வாயு நிற்கும். எனக்கு ஒருமுறை துறைமுகத்தில் நின்ற கப்பலில், காலித் தொட்டிக்குள் வாயு சோதனை முடியாமல் இறங்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன், அந்தக் கம்பெனியில் அதற்கப்புறம் எனக்கு வேலை இல்லை. அது குண்டு இல்லாத காலம், கரையோரம்.

இவர்கள் ஏறினார்கள். தீயை அணைத்தார்கள். ஒரு பக்கம் நீர் புகுந்தால் எதிர்ப் பக்கத் தொட்டியிலும் நீர் விட்டுத்தான் சாய்வை நிமிர்த்துவார்கள். டோர்பிடோ துளைத்த இடம் தனித்தனித் தொட்டி என்பதால் பக்கத்துத் தொட்டிகள் மிதக்க வைத்தன. இஞ்சின் ஓடும் நிலையில் இருந்தது. இஞ்சினைக் கிளப்பியவர்களின் தலைவர்தான் படகில் இறந்து கிடந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவ உதவி கேட்டு வானொலியில் கூப்பிட்டார்கள். ரகசியக் குறிப் புத்தகங்களை ஈயம் கட்டிக் கடலில் போட்டாயிற்று, அது விதி. அதனால் சாதாரண மொழியில் கேட்க வேண்டியதாயிற்று. கரையில் இருந்தவர்களுக்கு அது ஜப்பானியத் தந்திரமாகத் தோன்றியது. பதில் வரவில்லை. ஒரு வாரம், காயப்பட்டவர்களையும் வைத்துக்கொண்டு, ஓட்டைக் கப்பலில், நவம்பர் 18ஆம் தேதி ஃபிரிமாண்டில்.

தோணித்துறை எழுதியது:

ஐயா, அந்தத் தொட்டி விஷயம்... நீங்கள் மாட்டேன் என்றது சரிதான்.

பழையசுக்கான் எழுதியது:

சரியோ தப்போ, பிழைத்தேன். அடுத்த கப்பல் கிடைக்க ஏழு மாதம் ஆனது.

மணல்மேடு எழுதியது:

அந்த 32 குண்டும் சுட்டுத் தீர்த்தார்களா? பீரங்கியைப் பிறகு என்ன செய்தார்கள்?

நடுக்கடல் எழுதியது:

தீர்த்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளைக்கொடி. பீரங்கி பின்தளத்திலேயேதான் ஃபிரிமாண்டில் வந்து சேர்ந்தது.

வங்கக்கரை, உங்கள் பதிவில் "ஒற்றை ஆளாக" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும்.

வங்கக்கரை எழுதியது:

எடுத்துவிட்டேன் அண்ணா. "ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து" என்று போட்டிருக்கிறேன். கீழே ஒருவர் அதற்குள் சண்டைக்கு வந்துவிட்டார், வந்து கொஞ்சம் பாருங்கள்.